டேப்புக்கு அடியில் எரிந்த விளக்கு

வண்டியைப் பட்டறைக்கு இழுத்துட்டுப் போக ஆள் வந்தாச்சு, நானும் கூடப் போறேன். சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. ஒரு வாயாவது சாப்பிடு.

அன்னைக்கு உங்கப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போற வழியில வண்டி திடீர்னு நின்னுடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். திடீர்னு இல்ல. ஸ்டியரிங் முன்னால எஞ்சின் கோளாறைக் காட்டுற விளக்கு மூணு வாரமா எரிஞ்சுது. கண்ணை உறுத்துதுன்னு அதுமேல கறுப்பு டேப் ஒட்டினது நான்தான். நாம ரோட்டோரம் நின்ன அந்த ஒரு மணி நேரத்துலதான் அவர் உயிர் போச்சு. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரல, அதான் எழுதி வெச்சுட்டுப் போறேன்.

வீட்டுச் சாவி ஷூ அலமாரி மேல.

இன்னொண்ணு. அதுக்கு முந்தின வாரம் அவரை வீட்டுல கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது சொன்னார்: "வண்டி மேட்டுல திணறுது மாப்பிள்ளை, பட்டறையில காட்டிடுங்க."

சரி மாமான்னு சொன்னேன்.