மகளுக்குத் தைத்த நீலச் சட்டை

ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் மாத்திரை தொடங்கி ஐந்து மாதமான மகள், நேற்றிலிருந்து அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தையல்காரரான அவர் தன் கடைக்குக் கிளம்புமுன் ஒரு சீட்டு எழுதி, புதுச் சட்டையின்மேல் வைத்தார்.

"பாப்பா, ஃபிளாஸ்க்ல காபி இருக்கு. கொதிக்கக் கொதிக்கக் குளிக்காதே, தோல் இன்னும் வறண்டுடும். ஈரம் காயறதுக்குள்ள கிரீம் தடவிக்கோ. நெஞ்சு தொட்டாலே வலிக்குதுன்னியே, சட்டைக்கு உள்ளே மெத்துன்னு லைனிங் குடுத்திருக்கேன், தையல் உரசாது.

நேத்து டாக்டர் முன்னாடி வாய் தவறி 'என் பையன்'னுட்டேன். தப்புதான்மா.

சாவியை எதிர்வீட்டு அத்தைகிட்ட குடுத்துட்டுப் போ."

அடியில் இடமில்லாமல் நெருக்கி எழுதினார்:

"உடம்பு அளவு இன்னும் மாறும்னாங்க. ரெண்டு பக்கமும் தையலுக்குள்ள ரெண்டு விரல் துணி விட்டிருக்கேன். எப்ப வேணும்னாலும் சொல்லு, பிரிச்சுத் தர்றேன்."