ஒரு திருகாணி பாக்கி

அன்புள்ள உங்களுக்கு,

நலம் விசாரிப்பது அடுத்த பத்தியில். முதலில் செய்தி: பலகைக்குள் தண்ணீர் இறங்கவில்லை! படகுத் தளத்துக்குப் பிசின் பூச்சு போட்ட ப்ளைவுட் துண்டு ஒன்றையும் போடாத துண்டு ஒன்றையும் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கடித்து, மேலே செங்கல் வைத்து ஒரு வாரம் விட்டிருந்தோம். இன்று காலை எடுத்தோம். போடாதது ஊதிப்போய் இதழ் இதழாகப் பிரிந்து வந்தது. போட்டதை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்த மரம்! உங்கள் தங்கை குதித்த குதியில் செங்கல் என் காலில் விழப் பார்த்தது.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் தேறிவிட்டதாம், மாடிப்படிகூட ஏறுகிறீர்களாம். உங்கள் அண்ணி சொன்னார். படகுப் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறீர்களாம். என்னிடமும் போனை வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். "படகை வித்துடு, இனிமே அதுல கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அக்கரைக்கு ஆளேற்றிய கை அங்கே சோப்புப் பெட்டி அடுக்குவதை நினைத்தால் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

நானும் விற்கத்தான் நினைத்தேன். வாங்க ஆள் வருவதற்குள், பலகை உடைந்து நீங்கள் விழுந்த ஓட்டையை அடைக்கலாமென்று தளத்தைப் பெயர்த்தேன். மேலே நீங்கள் அடித்த பெயின்ட் பளபளக்கிறது. அடிப்பக்கமும் ஓரங்களும் வெறும் மரம்! முகத்துக்கு மட்டும் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பிய மாதிரி. பலகை மக்கிப்போய், கையால் பிய்த்தால் வருகிறது. படகே உங்கள் காலை வாரிவிட்டது என்று இத்தனை நாள் முகம் திருப்பிக்கொண்டிருந்தீர்களே, தண்ணீர் ஓரத்தின் வழியாக ஏறி உள்ளுக்குள் தின்றிருக்கிறது. எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

புதுப் பலகை வெட்டினோம், தண்ணீர் புகாமல் பூச, இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி பிசின் வாங்கினோம். சீக்கிரம் முடியட்டுமே என்று முதல் நாள் இரண்டு டப்பாவையும் ஒரே வாளியில் மொத்தமாகக் கலக்கிவிட்டேன். வாளி சுட்டது, புகைந்தது, பூசுவதற்குள் கல்லாகிவிட்டது. பிரஷ் அதில் நட்டமாக நிற்கிறது. இப்போது கொல்லைக் கதவுக்கு அதுதான் முட்டு. "அண்ணன் வந்ததும் முதல்ல இதைத்தான் காட்டணும் அண்ணி" என்கிறாள் உங்கள் தங்கை. பிறகு புத்தி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, மேல், கீழ், ஓரம், திருகாணித் துளைகளின் உட்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் பூசினோம். கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவிவிட்டோம். கால் வழுக்காது.

மதியம் தளத்தை முடுக்கிக்கொண்டிருக்கும்போது படகை வாங்க ஆள் வந்தார். ஏறி மிதித்துப் பார்த்தார். "இவ்வளவு நல்ல படகை ஏம்மா விக்கிறீங்க?" என்று கேட்டார். யார் விற்பது என்று என் வாய் திருப்பிக் கேட்டுவிட்டது! மனிதர் விழித்துக்கொண்டே போனார்.

இஞ்சின் பக்கம், நீங்கள் நிற்கும் பலகையில் ஒரு திருகாணி மட்டும் பாக்கி. அது இந்த உறைக்குள் இருக்கிறது, தொலைத்துவிடாதீர்கள். நீங்கள் வந்துதான் முடுக்க வேண்டும். பயமாக இருந்தால் முதலில் நான் அதில் ஏறி நிற்கிறேன். அதுவரை துளையில் மெழுகு அடைத்து வைத்திருக்கிறேன். வெயில் ஏறிக்கொண்டே போகிறது. மெழுகு எத்தனை நாள் தாங்குமோ, எனக்குத் தெரியாது.

கை முழுக்கப் பிசினோடு,
உங்கள் மனைவி