பெல்ட் மாற்றிய நாள்

4.2.2011

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலம்தானே? போனிலேயே கேட்கலாம். ஆனால் உன் பட்டறையில் சுத்தியல் சத்தம், என் பக்கம் பேச்சே வராது. இரண்டு பேரும் "சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறோம். எழுதினாலாவது நாலு வார்த்தை வருமா பார்க்கிறேன்.

புது ஊர் பழகிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறேன். கடைக்கு மேலேயே ஒற்றை அறை. சமையலைப் பற்றி நீ கேட்காதே, நானும் சொல்லவில்லை.

விஷயம் உன் அக்காவின் கார். அறுபதைத் தாண்டினால் முன்பக்கம் இடதுபுறம் ஊங்கென்று ஒரு சத்தம். கடையில் கண் பரிசோதிக்கிற பெண், "ரெண்டு லட்சம் தாண்டின வண்டி சார். வந்த விலைக்குத் தள்ளிவிட்டுட்டு நிம்மதியா இருங்க" என்கிறாள். நாம் வாங்கும்போதே எழுபதாயிரம் ஓடியிருந்தது. இன்று 2,14,600. உண்மையைச் சொல், இது இன்னும் எத்தனை நாள் ஓடும்? என் சமாதானத்துக்காகச் சொல்லாதே.

ஓட்டுநர் சீட்டை இன்னும் பின்னால் தள்ளவில்லை. முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. ஆனாலும் உன் அக்கா வைத்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்புடன்,
அத்தான்

15.2.2011

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் வண்டிக்கு ஏதோ பெரிய செலவு என்று பயந்துபோனேன். நீங்கள் எழுதிய சத்தத்துக்குப் பெயர் வீல் பேரிங். வலதுபக்கம் வளைக்கும்போது சத்தம் கூடினால் இடது பேரிங் போயிருக்கிறது. அரை நாள் வேலை. அதற்காக வண்டியையே தள்ளிவிடச் சொல்கிற அந்த அம்மா, பல் வலித்தால் தலையை எடுக்கச் சொல்லுமா?

உண்மையைக் கேட்டீர்கள், சொல்கிறேன். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று லட்சம் கிலோமீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். என் கையில் இருந்தால் மூன்றரை. ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். சின்னச் சத்தத்தைச் சின்னதாக இருக்கும்போதே காட்டுங்கள். எந்த வண்டியும் வயதாகிச் சாவதில்லை அத்தான். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதால்தான் சாகிறது.

டைமிங் பெல்ட்தான் முக்கியம். எண்பதாயிரத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் இன்ஜின் போச்சு. போன தடவை நான்தான் மாற்றினேன், ஆனால் எத்தனையில் என்று மறந்துவிட்டது. அக்காவின் சர்வீஸ் நோட்டு டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும். பார்த்து எழுதுங்கள்.

கிலோமீட்டர்தான் மறந்ததே தவிர அந்த நாள் மறக்கவில்லை. அவளுக்குக் கல்யாணமானபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு ஒரு முழு நாள் அக்கா எனக்கென்று கிடைத்தது அன்றைக்கு மட்டும்தான். வண்டியை விட்டுவிட்டுப் போகத்தான் வந்தாள். நான் விடவில்லை. பழைய டயர்மேல் உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். "நேரா பிடி அக்கா, எனக்குக் காட்டு, எலிக்குக் காட்டாத" என்று திட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள். பெல்ட்டின் மேல்மூடியை மாட்டும்போது என் மார்க்கர் பேனாவைப் பிடுங்கி, "கண்ண மூடுடா" என்று சொல்லி உள்பக்கம் என்னவோ எழுதினாள். முதல் திருகை அவளே முடுக்கினாள். "அடுத்த பெல்ட்டுக்குத் திறக்கும்போது பாத்துக்கோ" என்றாள். நான் மிச்சம் வைத்திருப்பது அந்த ஒரு நாள்தான், அத்தான்.

அவளைக் கொண்டுபோன அந்த நோய்க்கு அப்போது எடுத்த டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்று சொன்ன புண்ணியவானை இன்னும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஊரெல்லாம் வீடு வீடாகப் போய் ஊசி போட்ட நர்ஸுக்கு இப்படியா ஆக வேண்டும்?

சீட்டைத் தள்ளுங்கள். முழங்கால் போனால் அதற்கு ஸ்பேர் கிடைக்காது.

என்றும் உங்கள்,
மச்சான்

23.2.2011

மச்சான்,

இதை உனக்கு அனுப்புவேனா என்று தெரியவில்லை.

நோட்டைத் திறந்தேன். அவள் போன பிறகு இன்றுதான் திறக்கிறேன். நோயாளிக்குச் சார்ட் எழுதுகிற மாதிரி காருக்கும் நேரம் போட்டு எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தை அப்படியே எழுதுகிறேன்.

"19.8.2009. 1,98,400. காலை 9.20: தம்பி பெல்ட்டைக் கழற்றிவிட்டான். 10.15: பதினொரு மணிக்கு டெஸ்ட் என்று சொல்ல வாயெடுத்தேன். 'இன்னிக்கு ஒரு நாள் இரு அக்கா, எங்க ஓடப்போற' என்கிறான். சொல்லவில்லை. 11.00: டார்ச் பிடிக்கிறேன். டெஸ்ட் அப்புறம் பார்க்கலாம். 4.30: முடிந்தது. தம்பி முகமெல்லாம் சிரிப்பு. வீட்டில் எடுத்தாச்சு என்று சொல்லிக்கொள்ளலாம்."

அன்று சாயங்காலம், "எடுத்தாச்சு, ஒண்ணுமில்லையாம்" என்றாள் என்னிடம். ரிப்போர்ட் எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் டாக்டர், "ஆறு மாசம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்றபோது அவரோடு சண்டைக்குப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஏன் இழுத்தாள் என்று இன்றைக்குத்தான் புரிகிறது.

உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரு பெல்ட்! அதை அடுத்த நாள் கழற்றியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அவளை ஏன் போகவிடவில்லை? எனக்கு என் மேலும் ஆத்திரம், உன் மேலும் ஆத்திரம், அவள் மேல் எல்லாவற்றையும்விட ஆத்திரம். அவள் மேல் ஆத்திரப்படுகிறேனே என்று அழுகை வருகிறது.

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோய்த் திரும்பி வந்தேன். உனக்கு மிச்சமிருப்பது அந்த ஒரு நாள் என்கிறாய். அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? இதைப் படித்த பிறகு உன்னால் ஸ்பானரைத் தொட முடியுமா? இந்தக் கடிதம் நோட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

26.2.2011

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். பேரிங் மாற்றியாகிவிட்டது, சத்தம் நின்றது. பெல்ட் மாற்றியது 1,98,400-ல். அந்தப் பக்கம் முழுக்க ஆயில் கறை. கிலோமீட்டர் மட்டும்தான் தெரிகிறது. வேறொன்றும் படிக்க முடியவில்லை.

அன்புடன்,
அத்தான்

9.3.2011

அன்புள்ள அத்தானுக்கு,

1,98,400 என்றால் 2,78,400-ல் அடுத்த பெல்ட். வண்டியை இங்கே கொண்டுவாருங்கள், நானே மாற்றுகிறேன். அதற்குள் எங்கள் வீட்டிலும் ஒரு ஆள் கூடிவிடும். ஆமாம், ஐந்தாவது மாதம். அக்கா இருந்தால் தலைகால் புரியாமல் குதித்திருப்பாள்.

ஒரு ஆசை. அந்த நோட்டை எனக்கு அனுப்புங்கள். முழுசாகத் தர மனமில்லை என்றால் பெல்ட் மாற்றிய பக்கத்தை மட்டும். ஃப்ரேம் போட்டுப் பட்டறையில் மாட்டி, பிறக்கிற பிள்ளைக்கு, "பாரு, உன் அத்தை எழுத்து" என்று காட்ட வேண்டும். கறை இருந்தால் என்ன? ஆயில் கறை எனக்குப் புதுசா?

என்றும் உங்கள்,
மச்சான்

21.3.2011

அன்புள்ள மச்சானுக்கு,

நல்ல செய்தி எழுதினாய். உன் வீட்டுக்காரியை வெயிட் தூக்கவிடாதே. டாக்டர் வரச்சொன்ன தேதி ஒன்றைக்கூடத் தவறவிடாதே, கூடவே போ.

நோட்டு இல்லை. அறையைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பர்க் கட்டோடு சேர்ந்து போய்விட்டது. மன்னித்துக்கொள்.

அத்தான்

2.4.2011

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பழைய பேப்பரோடு போய்விட்டதா? சீட்டைத் தள்ள மனம் வராதவருக்கு நோட்டைத் தள்ள எப்படி மனம் வந்தது?

எனக்குப் பொய் கண்டுபிடிக்கத் தெரியும். தினமும் பத்துப் பேர், "பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன்" என்று என்னிடம் வண்டியோடு வந்து நிற்கிறார்கள். நோட்டு உங்களிடம்தான் இருக்கிறது, தர மனமில்லை. இல்லையென்றால், தள்ளிவிட்டு நிம்மதியாக இருங்க என்று சொன்னாளே அந்தக் கண்ணாடிக்கடைப் பெண், அவள் பேச்சைக் கேட்டு நிம்மதியைத் தேடிக்கொண்டுவிட்டீர்கள். இருக்கட்டும், உங்கள் வாழ்க்கை. ஆனால் என் அக்காவின் ஒரு பக்கத்தை எனக்குத் தந்திருக்கலாம். ஒரே ஒரு பக்கம் கேட்டேன்.

இனிமேல் எழுத வேண்டாம். போனும் வேண்டாம். 2,78,400-ல் பெல்ட்டை அங்கேயே யாரையாவது வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். மறந்துவிடாதீர்கள், இன்ஜின் போய்விடும்.

இப்படிக்கு,
மெக்கானிக்

17.11.2015

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நாலரை வருடம் எழுதவில்லை. இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

நேற்று 2,78,400. ஒரு கிலோமீட்டர் கூட விடவில்லை. இந்த ஊர் மெக்கானிக் மூடியைக் கழற்றியதும், "யார் சார் இந்த வேலையைச் செஞ்சது? ஒரு திருகுகூட மாத்திப் போடல. இப்படிப் பாத்துக்கிட்டா இந்த வண்டி மூணரை லட்சம் போகும்" என்றான். என் மச்சான் என்றேன்.

மேல்மூடி ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. புதுசு போட்டுவிட்டுப் பழையதை என்னிடம் கொடுத்தான். துணியில் சுற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ கேட்ட பக்கத்தை என்னால் தர முடியவில்லை. அதைப் பற்றி நீ என்ன நினைத்திருக்கிறாயோ அப்படியே நினைத்துக்கொள், நான் வருத்தப்படமாட்டேன். ஆனால் இது உன்னுடையது. உள்பக்கம் அவள் எழுதியது அழியவே இல்லை.

"அடுத்த பெல்ட்டுக்கும் டார்ச் நான்தான் பிடிப்பேன். வேற யாரையும் கூப்பிடாத. — அக்கா."

அவள் சொன்ன அந்த அடுத்த பெல்ட்டுக்கு நேற்று நான் பிடித்தேன், மச்சான். எலிக்குத்தான் காட்டினேன் போல, மெக்கானிக் இரண்டு தடவை திட்டினான்.

பிள்ளைக்கு இப்போது நாலு வயது நடக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது வந்ததும் இதைக் காட்டு. பதில் வேண்டாம்.

அன்புடன்,
அத்தான்

பி.கு.: சீட்டு அதே இடத்தில்தான் இருக்கிறது. முழங்கால் பழகிவிட்டது.