வளன் பார்த்து எழுதவில்லை என்பது குறித்து

அனுப்புநர்
வ. விஜிலா,
முதுகலை வரலாறு (தொலைநிலைக் கல்வி), இரண்டாம் ஆண்டு,
புன்னைக்காயல், தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
முத்துக்கரைப் பல்கலைக்கழகம்.

பொருள்: தேர்வில் பார்த்து எழுதியதாக என் கணவர் வளன் தந்துள்ள ஒப்புதல் கடிதம் பொய்யானது – அதை ஏற்கக் கூடாதெனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நானும் என் கணவரும் ஒரே வகுப்பில் பதிந்து படித்து வருகிறோம். பண்டைய உலகம், இஸ்லாமிய வரலாறு, மனிதப் பரிணாமம் ஆகிய தாள்களில் இருவருமே தேறிவிட்டோம். எஞ்சியது உதுமானியப் பேரரசு. அதில் எங்கள் விடைகள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருப்பதாகவும், கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த ஆண்டை இருவருமே 1543 என்று தவறாக எழுதியிருப்பதாகவும் தங்கள் அலுவலகக் கடிதம் கூறுகிறது. ஒருவர் ஒப்புக்கொண்டால் அவருக்கு மூன்றாண்டுத் தடை, மற்றவர் முடிவு வெளியிடப்படும் என்றும் அதில் உள்ளது.

2. அதைப் படித்த மறுநாளே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தானே பார்த்து எழுதியதாக வளன் தங்களுக்கு எழுதிவிட்டார். சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பதிவுத் தபால் ரசீது இருந்தது. கேட்டதற்கு, "ஏளா, நீயாவது பாஸாவு. மூணு வருசம் நான் பரிச்ச எழுதலன்னா மீனு என்ன கோவிச்சுக்கிடவா போவுது" என்றார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன எந்தப் பொய்யும் மறுநாள் வரை நின்றதில்லை.

3. அவர் தேர்வெழுதியது தரைத்தளத்தில், நான் இரண்டாம் மாடியில். அங்கிருந்து என் தாளை எட்டிப் பார்க்க வேண்டுமானால், நாங்கள் படித்த மனிதப் பரிணாமம் இன்னும் சில லட்சம் ஆண்டுகள் நடந்து அவருக்குக் கழுத்து நீண்டிருக்க வேண்டும்.

4. செபமாலையில் முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர் சொல்வது எங்கள் வழக்கம். மாலையில் செபம் முடிந்ததும் அதே பாயில் அதே முறையில் பாடமும் சொல்வோம். "பைசாந்தியத்தின் தலைநகரை முற்றுகையிட்ட சுல்தான்" என்று நான் எடுத்தால், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே மீதியை அவர் முடிப்பார். மறுநாள் பாதிகளை மாற்றிக்கொள்வோம். இரண்டு வருடம் இப்படிச் சொன்ன வாய்க்கு வேறு வாக்கியம் வராது ஐயா.

5. 1543 என் கைப்பிழை. குறிப்பேட்டில் எண்ணை மாற்றி எழுதியவள் நான். அதைப் புத்தகத்தில் சரிபார்க்காமல் அவர் மனப்பாடம் செய்தார். நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவர், நாற்பது வயதுக்கு மேல் தனித்தேர்வராகப் பத்தும் பன்னிரண்டும் எழுதி, தபாலில் இளங்கலையும் முடித்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். என் பிழைக்கு அவர் தடைபட்டு நிற்க, நான் மட்டும் பட்டம் வாங்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, அக்கடிதத்தைத் தள்ளுபடி செய்து, எங்கள் இருவருக்கும் தனித்தனியே வாய்மொழித் தேர்வு நடத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

ஆண்டை நான் 1453 என்று திருத்திக்கொண்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் எங்கள் விடை மறுபடியும் ஒன்றாகிவிடும். சொல்லலாமா என்பதையும் தாங்களே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இணைப்பு: குறிப்பேடு, இருவரின் தேர்வு நுழைவுச்சீட்டு நகல்கள்.

இடம்: புன்னைக்காயல்
நாள்: 18.11.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
வ. விஜிலா