டாக்டர் கேட்டது சக்கரையை, வயசை இல்லை

உப்பளம், 12 ஆகஸ்டு 1959

என் மகன் ராஜாங்கத்துக்கு அம்மா எழுதறது. நீ பிரான்சுல, மார்சேல்ல பட்டாளத்து ரொட்டியத் தின்னு உருண்டு திரண்டு இருப்பே, அப்படியே இருக்கணும். நாங்களும் சுகம்னு எழுதற வரியை இந்தத் தடவை எழுத மாட்டேன், உம்மேல எனக்கு அவ்ளோ கோவம்.

உங்க நைனாவுக்கு நுரையீரல்ல புத்து, ஒரு பக்கத்துலதான் இருக்கு, அறுத்து எடுத்துடலாம்னு டாக்டர் சொன்னதை முன்னமே எழுதினேன். அன்னிக்கு அந்த டாக்டர் சக்கரை இருக்கான்னு கேட்டிருக்காரு, இந்த மகராசன் இல்லீங்க, எங்க வீட்டுல வெல்லந்தான்னு சொல்லியிருக்காரு. நான் மட்டும் பக்கத்துல இருந்திருந்தா மண்டையில ஒண்ணு வெச்சிருப்பேன். டாக்டரும் இல்லைன்னு எழுதிக்கிட்டாரு. அறுக்கற அன்னிக்குப் பட்டினி போட்டு, மார்ல மயிரெல்லாம் வழிச்சு, உரிச்ச கோழியாட்டம் படுக்க வெச்சப்புறம் மூத்திரத்துல மருந்து ஊத்திக் காய்ச்சிப் பாத்தா செங்கல் நெறம். டாக்டர் கையுறையக் கழட்டிட்டாரு. இவ்ளோ சக்கரையோட அறுத்தா புண்ணு ஆறாது, இருதயமும் பலவீனம், மயக்க மருந்து தாங்காது, ஊசி போட்டு சக்கரைய எறக்குங்க, செப்டம்பர் ரெண்டாந்தேதி பாத்துட்டு அறுக்கறதா இல்லையான்னு சொல்றேன்னாரு.

நம்ம தெரு கம்பவுண்டர் தேவதாஸ் தெனம் காலையில வந்து ஊசி போட்டான். நான் சோத்தைக் குறைச்சேன், உப்பைக் குறைச்சேன், அவரு என்னைத் திட்டறதை மட்டும் குறைக்கல. ஒம்பது நாள்ல சக்கரை எறங்கி செங்கல் நெறம் மஞ்சளா ஆச்சு. பத்தாம் நாள் உன் கடுதாசி வந்துது. வயசு அறுவத்தஞ்சாச்சு, இந்தச் சீக்கோட கத்தி எதுக்கு, இருக்கறவரைக்கும் நிம்மதியா விடுங்கன்னு எழுதியிருக்கே. நான் நெல்லித்தோப்புக்கு மீன் வாங்கப் போன நேரம் பாத்து தபால்காரன் அவரு கையில குடுத்துட்டுப் போயிருக்கான். வந்து பாக்கறேன், தலகாணிக்கடியில கடுதாசி, வாயில வெல்லம். "புள்ளையே சொல்லிட்டான், உனக்கென்னடி"ன்னாரு.

யாருடா உன்னைக் கேட்டது? டாக்டர் ஒரு தடவைகூட வயசைச் சொல்லிக் கையை விரிக்கல, சக்கரையத்தான் கேட்டாரு, இருதயத்தைத்தான் கேட்டாரு. எறங்கற சீக்கை எறக்கிப் பாக்கறதுக்குள்ள நீ அங்க உக்காந்துக்கிட்டு பாடைக்கு மூங்கில் வெட்டறியா? இப்ப நைனா ஊசிக்கு ஒரு நாள் கையைக் காட்டறாரு, ஒரு நாள் போர்வைக்குள்ள ஒளிச்சுக்கறாரு. நானும் தேவதாசும் சின்னப்புள்ளையப் புடிக்கற மாதிரி புடிக்கறோம். அதுல சிரிப்பும் வருது, வயிறும் எரியுது.

உன் கடுதாசிய அடுப்புல போட்டுட்டேன். பதிலுக்குக் கடுதாசி போடாதே, அது வந்து சேர்றதுக்குள்ள நாள் போயிடும். நைனா பேருக்குத் தந்தி அடி. ஊசி போட்டுக்க நைனா, நான் லீவுல வரேன், அவ்ளோதான். தந்தின்னா இந்தத் தெருவுல சாவு சேதிதான். தந்திக்காரனைப் பாத்ததும் எல்லாரும் வாயில துணிய வெச்சுக்கிட்டு ஓடி வருவாங்க. வரட்டும், ஒரு தபா பொழைக்கற சேதியும் அதுல வரும்னு பாத்துட்டுப் போவட்டும்.

மாரியாத்தா உன்னை நல்லா வெச்சிருக்கட்டும். குளிர் வந்தா காதைக் கட்டிக்க. ரெண்டாந்தேதிய மறந்துடாதே.

கோவம் இன்னும் தீராத உன் அம்மா,
அஞ்சலாட்சி