ஒளிரக் கூடாத செல்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை. நாங்கள் செய்த புதுச் சாயம் புற்றுநோய்ச் செல்லில் மட்டும் பச்சையாக ஒளிரும். ஒப்பிட நல்ல செல் வேண்டுமென்றால், அவரவர் கன்னத்து உட்புறத்தைப் பஞ்சால் வழித்துக்கொள்வோம். என்னுடையது பளீரென்று ஒளிர்ந்தது.

"கண்ணாடித் தகடு அழுக்கா இருக்கும்டி, வேற போடு" என்று சீனியர் அக்கா சிரித்தாள். மாற்றியும் ஒளிர்ந்தது. தன் கன்னத்தை வழித்து வைத்துப் பார்த்தாள், இருட்டாகவே இருந்தது. அப்புறம் அவள் சிரிக்கவில்லை.

சாயம் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, தப்பாகக் காட்டியிருக்கும். அக்கா வெளியே காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறாள். எங்கே போகிறோம் என்று கேட்டால், "பேசாம வந்து உக்காரு" என்கிறாள்.

மறக்காமல் அந்த வாய்ப்புண் களிம்பு அனுப்பு. போன மாதம் நீ அனுப்பிய டியூபும் தீர்ந்துவிட்டது.

உன் சின்னவள்