காலி பஸ்ஸில் பந்தயத்துக்கு

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி வணக்கத்தோடு எழுதுவது. நான் பையன் இருக்கும் தேசத்துக்கு நல்லபடியாக வந்து சேர்ந்து, நல்லபடியாகவே இருக்கிறேன். முட்டி வலி இந்தக் குளிரில் ஏறிவிடும் என்று பயந்தேன். அதுகூட வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. நீங்கள் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், என்னை ஏமாற்றலாம் என்று நினைக்க வேண்டாம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பையன் பேச்சை எடுத்தாலே, "வாசல்ல யாரோ வந்திருக்காங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். நம் வாசலுக்கு இத்தனை பேர் வந்து நான் பார்த்ததே இல்லை. அவன் இந்தக் கார் பந்தயக் கம்பெனியில் சேர்ந்ததிலிருந்து நீங்கள் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு கீறல் விழாமல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்கு, பிள்ளை வேகத்தை விற்றுப் பிழைக்கிறானே என்று ஆத்திரம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அவன் கம்பெனி ஆட்களோடு முன்னாலேயே போய்விட்டான். அன்றைக்கு அந்தப் பக்கத்துச் சாலைகளை எல்லாம் அடைத்துவிடுவார்களாம். டாக்ஸி போகாது, ரயிலும் பஸ்ஸும்தான். வழியெல்லாம் போனில் அனுப்பிவிட்டு, "தனியா வந்துடுவியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பஸ் டிரைவர் பெண்டாட்டிக்கு பஸ்ஸில் வரத் தெரியாதா என்று பீற்றிக்கொண்டேன். அந்த வாய்க்குத்தான் பிறகு கிடைத்தது.

ரயில்வரை ஒரு குறையும் இல்லை. பெட்டி முழுக்கப் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள். ஒரே நிறத்தில் தொப்பி போட்ட குடும்பங்கள், காதை மூடுகிற கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட குழந்தைகள். முன்பின் தெரியாத ஒருவர் எழுந்து எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார். இறங்கியதும் அந்தக் கூட்டமெல்லாம் பெரிய வாசலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்ஸில் ஏறிக்கொண்டது. என்னுடைய பாஸ் வேலை செய்கிறவர்களின் வீட்டாருக்கானது. அதற்குப் பின்வாசல், சாதாரண டவுன் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

இங்கே பஸ்ஸில் கண்டக்டர் கிடையாது. இறங்குகிறவர்கள்தான் பெல்லை அமுக்க வேண்டும், அமுக்காவிட்டால் வண்டி நிற்காது. அதையும் பையன் சொல்லித்தான் இருந்தான். சிவப்புப் பொத்தான் என் மூக்குக்கு நேராகவே இருந்தது. ஆனால் கை போகவில்லை. கல்யாணமான புதிதில் உங்கள் வண்டியில் ஏறி விளையாட்டாக பெல் கயிற்றை இழுத்தேனே, நினைவிருக்கிறதா? வண்டியை ஓரங்கட்டி, பஸ் நிறைய ஆட்கள் பார்க்க, "பெல்லு கண்டக்டர் கையில மட்டுந்தான் இருக்கணும், பெண்டாட்டியா இருந்தாலும் சரி" என்று கத்தினீர்கள். அந்த வசவு உடம்பில் ஊறிவிட்டது போலிருக்கிறது. பந்தயத் திடலின் வேலி தெரிகிறது, கார்களின் இரைச்சல் கேட்கிறது, நான் விரலை நீட்டுவதும் மடக்குவதுமாக இருக்கிறேன். வேறு யாராவது அடிப்பார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. ஸ்டாப் பின்னால் போய்விட்டது. அதற்கப்புறமாவது அமுக்கினேனா என்றால், அதுவும் இல்லை. பஸ் நேராக டிப்போவுக்குள் போய் நின்றது. மற்றவர்களெல்லாம் இறங்கிப் போய்விட்டார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளை வேலை செய்வதைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்து, இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பப் போகிறேனே! அவனைக் கூப்பிடவும் வழியில்லை. வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம். டிரைவர் ஒரு பெண், நம் பையன் வயசுதான் இருக்கும். இறங்கும் முன்னால் யாராவது எதையாவது விட்டுவிட்டுப் போயிருக்கிறார்களா என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தாள், நீங்கள் பார்ப்பீர்களே, அதே மாதிரி. கடைசியில் அவள் கண்டுபிடித்தது என்னைத்தான்.

அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. பாஸைக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். என்ன சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல், நீங்கள் காக்கிச் சட்டையில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கும் படத்தைப் போனில் எடுத்துக் காட்டி, இவர் என் வீட்டுக்காரர் என்று சைகை செய்தேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஸ்டியரிங் திருப்புகிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அங்கிருந்த ஆபீசுக்குள் ஓடிப்போய் யாரிடமோ மன்றாடினாள். பந்தயம் முடிந்து கூட்டத்தைத் திருப்பிக் கூட்டி வருவதற்காகக் காலி பஸ்களைத் திடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒன்றை அவளே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, முன் சீட்டைத் தட்டிக் காட்டி என்னை உட்காரச் சொன்னாள்.

ஒரு பெரிய பஸ்ஸில் நான் ஒருத்தி மட்டும். வழியில் சிக்னலில் நின்றபோது அவள் உங்கள் படத்தை மறுபடியும் ஜாடையில் கேட்டுவிட்டு, இவர் வரவில்லையா என்பதுபோல் கையை விரித்தாள். நான் பாட்டுக்குத் தலையை ஆட்டி வைத்தேன். பின்வாசலில் இறக்கிவிட்டு, காவலாளியிடம் என்னைக் கையோடு ஒப்படைத்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினாள். அவள் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் காக்கிச் சட்டைக்கு இவ்வளவு தூரத்தில் கிடைத்த மரியாதை இது.

நான் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பந்தயம் முடிந்திருந்தது. காரை நான் எங்கே பார்த்தேன்? கழுத்தைத் திருப்புவதற்குள் போய்விடுகிறது. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் கார் உள்ளே வந்து நிற்கும். இவர்கள் தரையில் மண்டியிட்டுக் காத்திருந்து சக்கரத்தைக் கழற்றி வேறு மாட்டுகிறார்கள். மாட்டி முடித்தவன் கையைத் தூக்க வேண்டும். நாலு பேர் கையும் தூக்கினால்தான் கார் கிளம்பலாம். நம் பிள்ளைக்குப் பின் சக்கரம்.

கார் வந்து நின்றது. மூன்று கைகள் உயர்ந்துவிட்டன. இவன் கை உயரவில்லை. நட்டு சரியாகப் பிடிக்கவில்லையாம். ஓட்டுகிறவன் காரை உறுமவைக்கிறான், பின்னாலிருந்து யாரோ கத்துகிறார்கள், எதிரிக் கார்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போகின்றன. இவன் அசையவில்லையே! நட்டைக் கழற்றி, மறுபடி வைத்து, முடுக்கி, கையால் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையைத் தூக்கினான். கண்டக்டர் "ரைட்" சொல்லாமல் நீங்கள் என்றைக்காவது வண்டியை எடுத்ததுண்டா? வேகத்தை விற்கிறான் என்றீர்களே, அவன் வேலை நிறுத்தி வைப்பதுதான். யார் பிள்ளை என்று எனக்கு அங்கே யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பந்தயத்தில் இவர்கள் தோற்றார்கள். திட்டு வாங்கப்போகிறான் என்று நினைத்தேன். அவர்கள் தலைவர் வந்து, அப்படியே விட்டிருந்தால் சக்கரம் கழன்று ஓட்டியவன் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று சொல்லி (பையன் பிறகு சொல்லித்தான் எனக்குப் புரிந்தது), எல்லார் முன்னாலும் அவனைக் கட்டிக்கொண்டார்.

பிறகு என்னிடம் வந்தான். எப்படி வந்தாய், சாப்பிட்டாயா, ஒன்றும் கேட்கவில்லை. "நீ கெளம்பறப்போ அப்பா என்னம்மா சொன்னாரு?" என்றுதான் கேட்டான். நீங்கள் என்ன சொன்னீர்கள்? செய்தித்தாளை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "அப்பாதான்டா என்னை அனுப்பிச்சாரு, நீ எப்படி வேலை செய்யறேன்னு பாத்துட்டு வரச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டேன். கிரீஸ் கையைக்கூடத் துடைக்காமல் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். இவ்வளவு பெரிய பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அப்போதே உங்களைக் கூப்பிடுகிறேன் என்று நின்றான். அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியூர் போயிருக்கிறார் என்று இன்னொரு பொய் சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன். இந்த மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுவான். அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிடும்.

பாராட்ட வேண்டாம். அவன் வேலை உங்களுக்குப் பிடிக்கவும் வேண்டாம். போனை எடுத்து, அவன் கேட்டால், "ஆமா, நான்தான் அனுப்பினேன்" என்று மட்டும் சொல்லுங்கள். உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் கொடுத்துவிடுங்கள். உங்கள் வாய்முகூர்த்தத்தில் அவன் நூறு வயசு நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் அனுப்பி வந்த
உங்கள் மனைவி